சிவப்பு நூல் கட்டிய புட்டிங்

நம் எஸ்டேட்டில் வளர்ந்த பிள்ளைகள் எல்லோரும் வரும் டிசம்பரில் குன்னூரில் கூடப்போகிறோம், அதற்கு ஒரு நினைவு மலர் வருகிறது, ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். நான் இரண்டு பக்கத்தில் நிறுத்தப்போவதில்லை. மலர் எப்படி வரும் என்று பார்க்க அனுப்பிய படியில், நம் தகப்பன்மாரைப் பற்றிய கட்டுரையில், இப்படி ஒரு வாக்கியம் இருக்கிறது: "மாட்டுக் கொழுப்பு கலந்த புட்டிங்கைக் குழந்தைகளுக்கு ஊட்டி நம் ஆசாரத்தைக் கெடுத்த சிலோன் சமையல்காரனை, நம் பெரியவர்கள் ஒன்றுகூடி வெளியேற்றினார்கள்."

அந்த வாக்கியம் பொய். அது பொய் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தப் பொய்யைச் சொன்னவன் நான்.

மலர் வேலையைப் பார்க்கும் டீமேக்கர் மகனிடம் இதைத் தொலைபேசியில் சொன்னேன். தேயிலை ஃபேக்டரியைக் கட்டி ஆண்டவரின் மகன் அல்லவா, குரல் இன்னும் இயந்திரச் சத்தத்துக்கு மேல் பேசுவது போலத்தான் வருகிறது.

"ஏனுங்க, அது அம்பத்தஞ்சு வருசத்துக் கதைங்க. யாரு உக்காந்து படிக்கப் போறாங்க."

"யாரும் படிக்கலீன்னா எதுக்குப் போடறீங்க."

"ஒரு பெருமைக்குத்தானுங்க. அப்பாமாரெல்லாம் ஒண்ணா நின்னாங்கல்ல."

"நின்னாங்க. தப்பான ஆளுக்கு எதிரா நின்னாங்க."

அவர் சிரித்தார். "உங்களுக்கு இன்னும் அந்தப் புட்டிங் மேல ஆசை போகலீங்க போல."

"போகலீங்க" என்றேன். அதுவும் உண்மைதான். ஆகவே எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். உங்களுக்கு வாந்தி வந்தால் நான் பொறுப்பில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா எஸ்டேட் ஆபீஸில் ஹெட் கிளார்க். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்காக மலையேறிய சைவச் சாப்பாட்டுக் குடும்பம். ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில் நம் வீடுகள் வரிசையாக இருந்தன: எங்கள் வீடு, டீமேக்கர் வீடு, கம்பவுண்டர் வீடு. மேலே, சைப்ரஸ் மரங்களுக்கு அந்தப் பக்கம், துரை பங்களா. வெள்ளைக்காரத் துரைகளில் அவர் கடைசி ஆள். அவர் மனைவி துரைசாணி பூச்செடிகளோடு பேசிக்கொண்டிருப்பார். அவர்களுக்குச் சமைத்தவரைப் பட்லர் என்று கூப்பிட்டோம். அவருக்குப் பெயர் இருக்கிறதா என்று நம்மில் யாரும் கேட்டதில்லை.

அவர் கண்டிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் துரை பங்களாவில் பிறந்து, அடுப்படியில் வளர்ந்தவர். நாட்டுக்குப் போ என்று சொல்லிக் கப்பலேற்றியபோது, பார்த்திராத இந்த நாட்டுக்கு வந்தவர். அவர் மனைவி நம் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தார். இரண்டு வருடம் ஆகியும் லைன் வீடுகளில் இருந்த தோட்டத் தொழிலாளர்கள்கூட அவர்களைச் சிலோன்காரர் என்றே சொன்னார்கள். லைன் வீட்டை அவர் லயம் என்பார். நாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

நான் பங்களாச் சமையலறைக்குள் நுழைந்தது ஒரு கோலிக்குண்டால். நீலக் கோலி, உள்ளே வெள்ளைச் சுருள் இருக்கும், உங்களில் சிலர் அதற்காக என்னோடு சண்டை போட்டிருக்கிறீர்கள். பின்கட்டு வேலியோரம் நான் விளையாடிக்கொண்டிருந்தபோது பட்லர் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, அந்தக் கோலிய ஒரு நாளைக்குக் குடுப்பீங்களா?"

"உங்களுக்கு எதுக்கு?"

"நான் விளையாட மாட்டேன். என் சட்டி விளையாடும்."

உள்ளே போய்ப் பார்த்தேன். சீகை மர விறகு எரியும் பெரிய இரும்பு அடுப்பு. அதன்மேல் ஒரு பானை. பானைக்குள் ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணம், வாயில் துணி கட்டி, பாதி தண்ணீரில் நின்றது. அவர் கோலியைத் தண்ணீருக்குள் போட்டு மூடினார். கொதி வந்ததும் கோலி கடகடவென்று பானையின் அடியில் உருண்டு தட்டத் தொடங்கியது.

"இது நாலு மணி நேரம் வேகணும். நான் வேற வேலைக்குப் போயிருவேன். சத்தம் நின்னா தண்ணி வத்திருச்சுன்னு அர்த்தம். அங்க என்கிட்ட ஒண்ணு இருந்துச்சு. கப்பல்ல எங்கயோ போச்சு."

அன்றிலிருந்து கோலியைக் கொடுக்கிறேன் என்ற சாக்கில் பள்ளிவிட்டு வந்ததும் அங்கே போய்விடுவேன். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி வந்து சாய்ந்து நிற்கும். உள்ளே ஜாதிக்காயும் பட்டையும் வெந்த துணியின் வாடையும். துணியைக் கொதிநீரில் முக்கி, பிழிந்து, மாவு தூவி, அதன்மேல் புட்டிங் மாவை வைத்துக் கட்டுவார். பழைய ரொட்டியையும் வெண்ணெயையும் அடுக்கி, பாலூற்றிச் சுட்டெடுப்பார், மேலே திராட்சை கருகி மொறுமொறுவென்று நிற்கும். மாவைத் தேய்த்து, ஜாம் தடவி, பாய்போலச் சுருட்டித் துணியில் வேகவைப்பார். அந்த ஓரத்துண்டு எனக்கு. ஒருநாள் அடுப்புக்குள்ளிருந்து ஒரு தட்டு நிறையப் பந்துபந்தாக உப்பிய எதையோ எடுத்தார். கடித்துப் பார்த்தால் இனிப்பே இல்லை.

"இதுவும் புட்டிங்தான்" என்றார்.

"புட்டிங்குன்னா இனிப்பில்லையா?"

"உங்க வீட்டுல பிள்ளையாருக்குக் கொழுக்கட்டை செய்வாங்கல்ல. தேங்காய் வெல்லம் வச்சு ஒண்ணு, பருப்பு மிளகாய் வச்சு ஒண்ணு. அதே கதைதான். இனிப்பும் உண்டு, உப்பும் உண்டு. வெள்ளைக்காரன் துணியில கட்டுறான், நாம இலையில வைக்கிறோம்."

உப்புப் புட்டிங்குகளில் ராஜா ஒன்று இருந்தது. கிண்ணத்துக்குள் மாவைச் சுவர்போல அப்பி, அதற்குள் இறைச்சித் துண்டுகளும் கிட்னியும் வெங்காயமும் மிளகுத்தூளும் போட்டு, மாவாலேயே மூடி, நாலு மணி நேரம் வேகவைப்பது. கவிழ்த்தால் பழுப்பு நிறக் கோபுரம் நிற்கும். கத்தி வைத்தால் குழம்பு வழியும். அந்த வாசனை வரும் நாட்களில் என் வாய் ஊறும். சைவ வீட்டுப் பிள்ளைக்கு வாய் ஊறக்கூடாது என்று யாரும் என் வாயிடம் சொல்லி வைக்கவில்லை.

"அது உங்களுக்கு வேண்டாம் தம்பி. மாட்டுக்கறி, மாட்டுக் கிட்னி. மாவுல பிசையறதும் மாட்டுக் கொழுப்பு."

"நீங்க சாப்பிடுவீங்களா?"

"நானா? நம்மளும் மாரியாத்தாவக் கும்பிடுறவன்தான். வாயில வச்சதில்ல. மூக்குலயும் காதுலயும்தான் சமைக்கிறேன்."

அந்தக் கொழுப்பைச் சூயட் என்பார்கள். மாட்டின் கிட்னியைச் சுற்றி வெள்ளையாக இருப்பது, குன்னூர் மார்க்கெட்டிலிருந்து காகிதத்தில் சுற்றி வரும். பட்லர் கையைக் குளிர்ந்த நீரில் நனைத்து நனைத்துத் துருவுவார். கை சூடானால் உருகிவிடும்.

இனி அந்த நவம்பர். உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டாஃப் பிள்ளைகளைத் துரைசாணி பங்களாவுக்குக் கூப்பிடுவார். கிறிஸ்துமஸ் புட்டிங்குக்கான கலவையை வீட்டிலுள்ள எல்லோரும் ஆளுக்கொரு முறை கிண்டவேண்டும், கிழக்கிலிருந்து மேற்காக, கண்ணை மூடிக்கொண்டு, மனதுக்குள் ஒன்றை வேண்டிக்கொண்டு. நாமும் அந்த வீட்டைச் சேர்ந்தவர்கள் என்று துரைசாணி எண்ணினார். டீமேக்கர் மகன் சைக்கிள் வேண்டினான், வெளியே வந்ததும் சொல்லிவிட்டான். நான் சொல்லவில்லை. நான் வேண்டியது ஒரு வாய் உப்புப் புட்டிங்.

கலவையில் முட்டை இருந்தது, பிராந்தி இருந்தது. நம் வீடுகளில் எல்லோருக்கும் அது தெரியும். வெந்தபின் கண்ணுக்குத் தெரியாததைப் பற்றி நம் அப்பாக்கள் கேட்பதில்லை. இதையும் மலரில் போடுங்கள்.

அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை, நான் போனபோது பட்லர் ஒரு கட்டி வெண்ணெயைத் துருவிக்கொண்டிருந்தார். படுகர் வீட்டிலிருந்து வாங்கி, உறைபனியில் ஜன்னலுக்கு வெளியே வைத்துக் கல்லாக்கிய வெண்ணெய். பக்கத்தில் இரண்டு பெரிய சட்டிகள்.

"எதுக்கு ரெண்டு?"

அவர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "துரைசாணி எல்லாருக்கும் ஒண்ணுதான்னு சொல்லிட்டாங்க. அவங்களுக்கு இதெல்லாம் விளங்காது. கொழுப்புப் போட்டது அவங்களுக்கு. வெண்ணெய் போட்டது உங்களுக்கெல்லாம். நாளைக்கு நீங்க கிண்டுறது வெண்ணெய்ச் சட்டி. போன வருசமும் அப்படித்தான் செஞ்சேன்."

"கட்டுனதுக்கப்புறம் எப்படிங்க தெரியும்?"

அவர் ஒரு சிவப்பு நூல்கண்டை எடுத்துக் காட்டினார். "பிள்ளைகளோடதுக்குச் சிவப்பு. துரையோடதுக்கு வெள்ளை. யாருக்கும் சொல்லக் கூடாது தம்பி. ரெண்டு வேலை எதுக்குன்னு துரைசாணி கோவிப்பாங்க."

சத்தியமாகச் சொல்லமாட்டேன் என்றேன். எழுதும்போது இந்த இடத்தில் கை நிற்கிறது. அந்தச் சத்தியத்தை நான் எவ்வளவு நன்றாகக் காப்பாற்றினேன் என்று பாருங்கள்.

கிறிஸ்துமஸ் காலையில் பங்களாப் புல்வெளியில் நாம் வரிசையாக உட்கார்ந்தோம். மேலே நீலச் சுடர் எரிய எரிய புட்டிங் வந்தது. டீமேக்கர் மகன் மூன்றாம் துண்டு கேட்டு, துரைசாணி தலையில் தட்டிக் கொடுத்தார். கம்பவுண்டர் மகன் தட்டை நக்கினான். கட்டியிருந்த சிவப்பு நூல் புல்லில் கிடந்தது. பட்டம் விட உதவும் என்று அதை எடுத்து டிராயர் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் அம்மா ஒரு டப்பாவில் முறுக்கு கொடுத்துப் பங்களாவில் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். மத்தியானம். சமையலறையில் ஆளில்லை. பட்லர் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு உள்ளே சூப் பரிமாறப் போயிருந்தார். மேஜைமேல் அது நின்றது. கவிழ்த்துத் தட்டில் வைத்த உப்புப் புட்டிங், முழுசாக, ஆவி பறக்க.

நான் பசியில் தின்னவில்லை. தெரியாமல் தின்னவில்லை. யாரும் ஊட்டவில்லை. அது என்ன என்று நன்றாகத் தெரிந்து, சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த பின்பகுதியில் விரலால் ஓட்டை போட்டு, மூன்று வாய் தின்றேன். நாக்கு சுட்டது. மாவு பஞ்சுபோல இருந்தது, உள்பக்கம் குழம்பில் ஊறியிருந்தது. மிளகு தொண்டையில் இறங்கியது. என் வாழ்நாளில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒன்றைத் தின்றதில்லை. இதற்காக நான் வெட்கப்படவில்லை. நான் வெட்கப்படுவது அடுத்து நடந்ததற்கு.

காலடிச் சத்தம் கேட்டு ஓடினேன். குழம்பு சட்டையில் வழிந்திருந்தது எனக்குத் தெரியாது. வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா மூக்கைச் சுளித்தார். சட்டையைப் பிடித்து முகர்ந்தார்.

"என்னடா வாடை இது? எங்கடா போயி என்னத்தத் தின்ன?"

சாப்பாட்டுக்கு வந்திருந்த அப்பா எழுந்து வந்தார். அவர் கை ஓங்கினால் பாதியில் நிறுத்தும் பழக்கம் இல்லாதவர்.

"புட்டிங்ப்பா" என்றேன்.

"என்ன புட்டிங்?"

"பட்லர் குடுத்தாரு. நேத்து எல்லாருக்கும் குடுத்தாரே, அதேதான்."

இவ்வளவுதான் பொய். ஒரு மூச்சில் முடிந்துவிட்டது. எல்லோருக்கும் என்று சொன்னால் அடி எல்லோருக்கும் பங்காகிவிடும் என்று நினைத்தேன்.

அப்பா சட்டையைக் கம்பவுண்டரிடம் கொண்டுபோய்க் காட்டினார். கம்பவுண்டர் மருந்து பாட்டில்களைப் படித்துப் படித்து இங்கிலீஷில் தைரியம் வந்தவர். பங்களாவில் துரைசாணியின் சமையல் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு வந்தார். "சூயட்னு போட்டிருக்குதுங்க. சூயட்னா மாட்டுக் கொழுப்பு. புஸ்தகத்துலயே இருக்குதுங்க" என்றார். சாயங்காலத்துக்குள் குவார்ட்டர்ஸ் முழுக்கப் பரவிவிட்டது. டீமேக்கர் சொன்னது எனக்கு இன்னும் கேட்கிறது: "சிலோன்காரனுக்கு என்னுங்க ஆசாரம் தெரியும்? கப்பல்ல வர்றப்பவே கரைஞ்சு போயிருக்கும்."

அடுத்த நாள் காலை ஆபீஸ் முன்னால் விசாரணை. துரை படியில் நின்றார், பக்கத்தில் துரைசாணி. கீழே அப்பாவும் டீமேக்கரும் கம்பவுண்டரும். என்னைச் சாட்சியாக நிறுத்தியிருந்தார்கள். பட்லர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"பிள்ளைகளுக்கு வெண்ணெய்தாங்க போட்டேன். தனிச் சட்டிங்க. ரெண்டு புட்டிங் செஞ்சேங்க" என்றார்.

துரை துரைசாணியைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "இல்லை. ஒரு புட்டிங். நான் சொன்னது ஒன்று. நான் பார்த்தது ஒன்று."

அவர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது ஒன்றுதான், கிண்டும்போது பார்த்ததும் ஒன்றைத்தான். நம் வழக்கத்தை மதித்து அவருக்குத் தெரியாமல் செய்த காரியம், அவர் உண்மை பேசியதாலேயே பட்லருக்கு எதிராகப் போயிற்று.

"கேட்டீங்களாய்யா" என்றார் அப்பா. "துரைசாணியே சொல்றாங்க. ரெண்டு வருசமா எங்க பிள்ளைக வயித்துல இதைக் கொட்டியிருக்கான்."

அப்போது பட்லர் என்னைப் பார்த்தார். "தம்பிக்குத் தெரியுங்க. தம்பி பார்த்தாங்க. கேட்டுப் பாருங்க."

எல்லோரும் திரும்பினார்கள். என் கை டிராயர் பைக்குள் இருந்தது. சிவப்பு நூல் விரலைச் சுற்றியிருந்தது. அதை எடுத்துக் காட்டி, இரண்டு நூல் இருந்தது, நான் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால், சட்டையில் வழிந்தது எது என்ற கேள்வி அடுத்து வரும்.

"சொல்லுடா" என்றார் அப்பா. "ரெண்டு செஞ்சானா?"

"எனக்குத் தெரியாதுப்பா."

நூலை இறுக்கியதில் விரல்நுனி நீலமாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அதை விறகடுப்பில் போட்டேன். ஒரு நொடி சுருண்டு எரிந்தது.

ஸ்டாஃப் எல்லோரும் ஒன்றாக வந்து நின்றதால் துரை பயந்துவிட்டார். அன்றே பட்லருக்கு வேலை போயிற்று. வீடும் வேலையோடு சேர்ந்தது என்பதால் மனைவியின் வேலையும் போயிற்று. மறுநாள் காலை தகரப் பெட்டியோடு குவார்ட்டர்ஸ் வழியாக அவர்கள் இறங்கிப் போனார்கள். நாம் ஜன்னலில் நின்று பார்த்தோம். உங்களில் ஒருவர் "லயம் லயம்" என்று கத்தினீர்கள். யார் என்று நான் எழுதவில்லை. எங்கள் வாசலில் அந்த அம்மா ஒரு கணம் நின்று குனிந்தார். போய்ப் பார்த்தால் படியில் என் நீலக் கோலி இருந்தது. கொதித்துக் கொதித்து அதன் பளபளப்பு போயிருந்தது. அதைத் தொட எனக்குத் துணிவு வரவில்லை. இரண்டு நாளில் யாரோ எடுத்துப் போனார்கள்.

அப்புறம் நம்மைச் சுத்தப்படுத்தினார்கள். விளக்கெண்ணெய், தலைக்குக் குளியல், மாரியம்மன் கோவிலில் பஞ்சகவ்யம். மாட்டுக் கொழுப்பைத் தின்னாத பிள்ளைகளுக்கு, மாட்டிலிருந்து வந்த ஐந்தையும் கலந்து கொடுத்துச் சுத்தம் செய்தார்கள். உண்மையில் தின்ற ஒருவன் வரிசையில் முதலில் நின்றான். எனக்குக் குமட்டவில்லை. கம்பவுண்டர் மகன்தான் வாந்தி எடுத்தான்.

இத்தோடு நின்றிருந்தால் சின்னப் பிள்ளை செய்த தப்பு என்று நீங்கள் என்னை மன்னித்துவிடுவீர்கள். அதற்காகத்தான் இதையும் எழுதுகிறேன்.

முப்பத்திரண்டு வயதில் நான் ஊட்டியில் கல்லூரி ஆசிரியன். பக்கத்தில் எமரால்டு என்ற ஊரிலிருந்து வந்த மாணவன் ஒருவன், தன் பக்கத்து வீட்டுப் பெரியவர் முன்பு குன்னூர்ப் பக்கம் பங்களாவில் பட்லராக இருந்தவர், துணியில் கட்டி ஏதோ வேகவைத்த கதையெல்லாம் சொல்வார் என்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். ஓடையில் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று கேரட் கழுவிக்கொண்டிருந்தார். தலை முழுக்க வெள்ளை. நான் இன்னார் மகன் என்றேன். கொஞ்ச நேரம் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குக் கூட்டிப்போனார். அவர் மனைவி சாயத் தண்ணி கொடுத்தார், பால் ஊற்றாத தேநீரை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். என்னோடு பேசவில்லை.

நான் வானிலையைப் பற்றிப் பேசினேன். கேரட் விலையைப் பற்றிப் பேசினேன். அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன.

"கை குளுந்திருந்தா மாவுக்கு நல்லது" என்றார். "இப்ப எப்பவும் குளுந்துதான் இருக்கு. மாவுதான் இல்ல."

பிறகு, எந்த முன்னுரையும் இல்லாமல்: "அந்த ஓட்டைய நான்தான் அடைச்சேன், தம்பி."

கோப்பையைக் கீழே வைத்தேன்.

"சூப் குடுத்துட்டு வந்து பார்க்குறேன், பின்பக்கம் ஒரு ஓட்டை, சின்ன விரல் தடம். மிச்ச மாவை வச்சு அடைச்சு, மேல குழம்ப ஊத்திக் கொண்டுபோய் வச்சேன். துரைக்குத் தெரியல."

"அன்னைக்கு ஆபீஸ்ல நீங்க சொல்லியிருக்கலாமே" என்றேன். இந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு வாய் வந்தது பாருங்கள்.

"சொல்லியிருந்தா? ஹெட் கிளார்க் மகன் திருடி மாட்டுக்கறி தின்னான்னு சிலோன்காரன் சொன்னா, வேலைய மட்டுமா எடுப்பாங்க, காலையும் எடுத்திருப்பாங்க. அதான் சொல்லல. உங்க மேல பாசம்னு நினைச்சுக்காதீங்க."

உள்ளேயிருந்து அந்த அம்மா சொன்னார்: "தேத்தண்ணி ஆறுது. குடிச்சிட்டுப் போகச் சொல்லு."

அவர் காதில் வாங்கவில்லை. முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். "ஒண்ணு கேக்கணும். நான் இருபது வருசத்துக்கு மேல அத செஞ்சேன். ஒரு தடவ வாயில வச்சதில்ல. துரைமாரு சாப்பிட்டாங்க, நல்லாருக்கும்பாங்க, அவங்க பேச்சு அவ்வளவுதான். நம்ம ஆளுகள்ல அதைத் தின்னது நீங்க ஒருத்தர்தான். மிளகு போட்டது போதும்னு மூக்கு சொல்லும். உப்புதான் எனக்கு எப்பவும் சந்தேகம். உப்பு சரியா இருந்துச்சா?"

என்ன கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. பதில் சொன்னால், தின்றேன் என்று ஒப்புக்கொண்டதாகும். எல்லாம் தெரிந்த மனிதரின் முன்னால், வேறு யாருமில்லாத ஓர் அறையில், அதைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை.

"எனக்கு ஞாபகம் இல்லீங்க" என்றேன்.

அவர் பின்னால் சாய்ந்துகொண்டார். வாசல்வரை வந்தபோது ஒன்றுதான் சொன்னார்: "நம்புனா நம்பட்டும், நம்பாட்டிப் போகட்டும். அது வெண்ணெய்தான்னு அங்க ஒரு தடவ சொல்லிருங்க."

சொல்கிறேன் என்றேன். அப்பா உயிரோடு இருந்தார், சொல்லவில்லை. தங்கையின் கல்யாணம் வந்தது, சொல்லவில்லை. அப்பா போனபின் அவர் பெயர் கெடும் என்று சொல்லவில்லை. திரும்ப எமரால்டுக்குப் போனபோது வீட்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள். நாடுகாணிப் பக்கம் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்றார்கள். விலாசமும் கொடுத்தார்கள். இவ்வளவு காலமாக அது என்னிடம் இருக்கிறது.

போன மாதம் அந்த விலாசத்துக்கு ஒரு கடிதம் போட்டேன். மகள் பதில் எழுதியிருக்கிறார். பட்லரும் மனைவியும் இப்போது இல்லை. தன் அப்பாவைப் பற்றி அந்த எஸ்டேட்டில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று மகள் கேட்டிருக்கிறார். மலர் வந்ததும் ஒரு பிரதி அனுப்புகிறேன், படித்துக்கொள்ளுங்கள் என்று நான் எழுதிவிட்டேன். ஆகவே நீங்கள் எதை அச்சடிக்கிறீர்களோ அதுதான் நாடுகாணிக்குப் போகும்.

அந்த வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். எடுத்துவிட்டு வெறுமனே விடக்கூடாது. அந்த இடத்தில், பிள்ளைகளுக்கென்று தனிச் சட்டியில் வெண்ணெய் போட்டுப் புட்டிங் செய்தார், ஹெட் கிளார்க் மகன் பொய் சொன்னதால் வேலை இழந்தார் என்று போட வேண்டும். பட்லர் என்று போடாமல் அவர் பெயரை முழுதாகப் போட வேண்டும். அதைத் தனித்தாளில் எழுதி இத்தோடு இணைத்திருக்கிறேன். என் தகப்பனாரின் பெயர் கெடும் என்று தயங்க வேண்டாம், அவர் மகன் நான், அனுமதி கொடுக்கிறேன். போடமாட்டோம் என்றால், டிசம்பரில் கூட்டத்தில் எழுந்து நின்று வாசிப்பேன். ஒலிபெருக்கியை அணைத்தாலும் வாசிப்பேன், எனக்கும் குரல் இருக்கிறது. சிவப்பு நூல் கட்டிய புட்டிங் ஒன்றும் கொண்டுவருவேன். வெண்ணெய் போட்டது. தின்பதும் தின்னாததும் உங்கள் இஷ்டம்.

அவர் கேட்டதில் ஒன்றை இப்போது செய்துவிட்டேன். இன்னொன்று பாக்கி இருக்கிறது. அதை அவர் மகள் படிக்கும்படி இங்கேயே எழுதுகிறேன்.

எனக்கு ஞாபகம் இருக்கிறது. உப்பு சரியாக இருந்தது.